ராயபுரத்துக்கு வந்த மருமகள்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



நாங்கள் வடசென்னைக்காரர்கள். துறைமுகம், மீன் மார்க்கெட், கம்பெனி சங்கு, இதுதான் எங்க ஊர். ராயபுரத்தில் பார்சிக்காரங்களோட அக்கினிக் கோயில் ஒன்று இருக்கு. 1910ல் கட்டினது. தமிழ்நாட்டிலேயே அது ஒண்ணுதான். பார்சிக்காரங்களின் முன்னோர் ஈரான் தேசத்திலிருந்து குஜராத்துக்கு வந்தவங்க, நெருப்பை முன்னால வச்சுக் கும்பிடுறவங்க. பிரோஜ் க்ளப்வாலா என்பவர், சின்ன வயசிலேயே இறந்துபோன மகன் ஜால் பேரில் அந்தக் கோயிலைக் கட்டினார். அந்தக் குடும்பத்துக்கு மருமகளா வந்தவர்தான் மேரி அம்மா. பேரைக் கேட்டுக் கிறிஸ்தவர்னு நினைச்சுடாதீங்க, அவரும் பார்சிதான்.

1909ல் ஊட்டியில் பிறந்தார். 18 வயசில் கல்யாணம். 1935ல் கணவர் நோகி இறந்துட்டார். கையில் ஒரு சின்னப் பையன். வசதியான குடும்பம், சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை. அதை மறைச்சுப் பேச வேண்டியதில்லை. ஆனா இருபத்தஞ்சு இருபத்தாறு வயசில் தாலியறுத்தவளுக்கு வீட்டுக்குள்ள ராத்திரியும் பகலும் எப்படிப் போகும்னு இங்கே உட்கார்ந்திருக்கிற பல பேருக்குத் தெரியும்.

அவரை வெளியே கொண்டுவந்தது ஒரு பெண்கள் சங்கம். ‘கில்ட் ஆஃப் சர்வீஸ்’ என்று பேர். 1923ல் சென்னை பிஷப்பின் மனைவி வாலர் அம்மா ஆரம்பிச்சது. சர்ச் பெண்கள் தொடங்கின சங்கத்தில் பார்சிப் பெண் சேர்ந்தார், பிறகு அதை நடத்துற பொறுப்புக்கே வந்தார். இந்த இடத்தை எங்களால சீக்கிரம் தாண்டிப் போக முடியலை. சேர்த்துக்கிட்டவங்களுக்கும் ஒரு கும்பிடு போடணும்.

1942ல் ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு பயந்து பட்டணமே காலியாச்சு. அந்த வருஷம் மேரி அம்மா எல்லா மதத்துப் பெண்களையும் கூட்டி ஒரு கமிட்டி போட்டார். சென்னையில் தங்கின சிப்பாய்களுக்கு வண்டியில் உணவு கொண்டுபோனாங்க, ஆஸ்பத்திரியில் காயம்பட்டுக் கிடந்தவங்களைப் போய்ப் பார்த்தாங்க. ஜெனரல் கரியப்பாவே அவரைப் பாராட்டினார்.

பிறகு மேஜர் சந்திரகாந்த் ஜாதவை மறுமணம் செய்துகொண்டு மேரி க்ளப்வாலா ஜாதவ் ஆனார். அந்தக் காலத்தில், அதுவும் பத்துப் பேர் பார்க்கிற இடத்தில் இருந்த பெண்!

நல்ல மனசு மட்டும் போதாது, சேவை செய்யவும் படிக்கணும் என்பது அவர் கட்சி. அதனால 1952ல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் தொடங்கினார். எழும்பூரில் இன்றைக்கும் நடக்குது. நம்ம குழுவுக்கு தீர்மான நோட்டு எழுதவும் வரவு செலவு பார்க்கவும் சொல்லித் தர வர்றவங்க சமூகப் பணி படிச்சவங்களா இருந்தா, அந்தப் படிப்பைத் தென்னிந்தியாவுக்கு முதலில் கொண்டுவந்தது இந்த அம்மாதான். 1956ல் சென்னை ஷெரீப்பா இருந்தார். பத்மஸ்ரீ, பத்மபூஷண், கடைசியா 1975ல் பத்மவிபூஷண். அதே வருஷம் காலமானார்.

இப்போ நம்ம விஷயம். தமிழ்நாட்டில் 1989ல் தருமபுரியில் மகளிர் குழு ஆரம்பிச்சப்போ ஏழைப் பெண்களையும் ஆதரவில்லாதவங்களையும் முதலில் சேர்க்கணும்னுதான் பேச்சு. இன்றைக்கு ஆள் சேர்க்கும்போது என்ன கேட்கிறோம்? “மாசச் சேமிப்பு தவறாம கட்டுவாளா? கடன் கொடுத்தா திருப்புவாளா?” புருஷன் இல்லாதவளுக்குக் கடன் கொடுக்க யோசிக்கிறோம், ஒரு தவணை நின்னா நாலு பேர் முன்னால கேட்கிறோம். அவளே நின்னுடுறா. நோட்டில் ‘விலகினார்’னு ஒரு வரி, அவ்வளவுதான்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் பழைய தீர்மான நோட்டை எடுத்து வாங்க. அப்படி விலகினவங்க யார் யார், அதில் கணவனை இழந்தவங்க எத்தனை பேர், இப்போ எங்கே இருக்காங்க, பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகுதான்னு வீட்டுக்கே போய்ப் பார்த்து எழுதிட்டு வாங்க. போகும்போது ரெண்டு பேரா போங்க, கடன் பாக்கியைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம்.