தராசுக்கு ஆண் பெண் தெரியாது
(தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் கிராணியார் ஒருவர் ஆற்றிய உரை)



பால் நிறுக்கும் கொட்டகையில் நிற்பவன் நான். வாளியைச் சுமந்து வந்தது ஆணா, பெண்ணா என்று தராசு ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டவர்கள் மனிதர்கள்தாம். 1920களின் இறுதியில் நிர்ணயக் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்தப் பத்துக் காசுக் குறைவு கூலிப் புத்தகத்தை விட்டுப் போய்விட்டது. நம் மனத்தை விட்டுப் போயிற்றா? தேர்தல் வந்தால் தெரிந்துவிடும்.

ஓட்டுக் கேட்டு ஆண் வந்தால், "வீட்டு நிலம் எப்போது? தமிழ்ப்பள்ளிக்கு என்ன செய்வீர்?" என்கிறோம். பெண் வந்தாலோ, "புருஷன் சம்மதித்தாரா? பிள்ளைகளை யார் பார்ப்பது?" என்கிறோம். அந்த அம்மா மேடையை விட்டு இறங்குமுன் அவருடைய சேலையும் நிறமும் நடத்தையும் காப்பிக் கடையில் பேச்சாகிவிடுகின்றன.

வென்று நாடாளுமன்றம் போனாலும் இது விடுவதில்லை. 2007 மே மாதத்தில், மன்றத்தின் கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசினார் பத்து காஜா உறுப்பினர் போங் போ குவான். பத்து காஜாவும் மாதாமாதம் ஒழுகுகிறதே என்று அரசுத் தரப்பில் இருவர் கேலி செய்தார்கள். 2020 ஜூலையில், ஒரு குழுவிலே பெண்கள் ஏன் இல்லை என்று கேட்டார் பத்து கவான் உறுப்பினர் கஸ்தூரி பட்டு. இருட்டாக இருக்கிறது, தெரியவில்லை, பவுடர் பூசிக்கொள்ளும் என்றார் ஓர் உறுப்பினர்.

தோழர்களே, கவனியுங்கள். ஒருவர் கேட்டது கூரையை; மற்றவர் கேட்டது குழுவை. கிடைத்ததோ உடம்பைப் பற்றிய ஏச்சு! கேள்விக்கு விடையில்லாதவன்தான் கேட்டவளின் உடம்பைப் பேசுவான்.

2022 பொதுத் தேர்தலில் 222 இடங்களில் வென்ற பெண்கள் 30 பேர்தாம். ஏச்சுக்கு அஞ்சி வேட்புமனுவே போடாதவர்கள் எத்தனை பேர்? அந்தக் கணக்கு எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. அவர்களில் நம் தோட்டத்துப் பிள்ளைகளும் இருக்கலாம் அல்லவா?

பெண் என்பதற்காக ஓட்டுப் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. திறமை இல்லையென்றால் தோற்கடியுங்கள். அது உங்கள் உரிமை. ஆனால், ஆணிடம் கேட்காத கேள்வியைப் பெண்ணிடம் கேட்காதீர்கள். காப்பிக் கடையில் ஒருவன் அவதூறு பேசினால், சிரித்துவிட்டு எழுந்து போகாதீர்கள். "அந்த அம்மா கேட்டதற்குப் பதில் என்ன?" என்று அங்கேயே கேளுங்கள். தாய்மார்களே, நீங்களும் கேளுங்கள்.

இருவரையும் ஒரே தராசில் நிறுப்போம்.