கேட்கும் உரிமையும் வினவும் உரிமையும்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



முருகன் திருக்கோயிலால் பெயர்பெற்ற இவ்வல்லக்கோட்டையில், நம் கல்விச் சங்கத்தின் இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவைக் கொண்டாடக் கூடியிருக்கிறோம். இரவுப் பாடசாலை, பொதுத் தேர்வுக்கான தனி வகுப்பு, பாடநூல் உதவி, கல்லூரிக் கட்டணத்திற்குக் கைமாற்று எனச் சங்கம் செய்த பணிகளை நமக்கு முன் பேசியோர் எடுத்துரைத்தனர். அவற்றை மீண்டும் கூற வேண்டுவதில்லை. இதுவரை நாம் செய்யாது விட்ட பணி ஒன்றைப் பற்றியே இன்று பேச விழைகிறோம். அறிவியல், வரலாறு, மொழி, சட்டம் ஆகிய துறைகளில் கற்றோரை அழைத்துப் பொதுமக்கள் முன் உரையாற்றச் செய்தலும், உரையின் முடிவில் எவரும் எழுந்து வினவ இடமளித்தலுமே அப்பணி.

"தேர்வுக்கு உதவாத பேச்சு நமக்கெதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். வறுமையில் உள்ளவன் முதலில் சான்றிதழைத்தான் தேடுவான். ஆயினும் நம்மைக் கரையேற்றிய முன்னோர் சான்றிதழோடு நின்றுவிட்டார்களா என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பண்டிதர் அயோத்திதாசர் 1898-ஆம் ஆண்டில் சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். வழிபாட்டிற்கென மட்டும் அமைந்த இடமன்று அது. அங்கே சொற்பொழிவுகள் நடந்தன. வரலாறும் மொழியும் சமயமும் ஆராயப்பட்டன. அறிவியல் பேராசிரியராகிய இலட்சுமி நரசு அவ்வியக்கத்தில் ஈடுபட்டுப் பேசினார். பௌத்தத்தைப் பகுத்தறிவு நோக்கில் விளக்கி அவர் 1907-இல் ஆங்கிலத்தில் எழுதிய நூலை, 1948-இல் அண்ணல் அம்பேத்கர் தம் முன்னுரையுடன் மீண்டும் வெளியிடச் செய்தார். அதே 1907-இல் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். மண்டபத்திற்கு வர இயலாதவர்க்கும் ஒரு பைசாவில் அறிவு சென்று சேர்தல் வேண்டும் என்பதே அவ்விதழின் பெயரில் அடங்கிய கருத்து எனலாம்.

சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகளுள் ஒன்று கோலார் தங்கவயலில் மாரிக்குப்பத்தில் இயங்கியது. அங்கிருந்தோர் யார்? நிலத்தின் அடியில் இறங்கிப் பாறை உடைத்த தொழிலாளர். அவர்களுள் பெரும்பாலோர் வடஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற நம் மக்கள். பின்னாளில் பண்டிதரின் எழுத்துக்களை நூலாக்கிப் பரப்பியதும் தங்கவயலின் சித்தார்த்த புத்தகசாலையே. பகலெல்லாம் சுரங்கத்தில் உழைத்தவர்க்கு மாலையில் உரை கேட்க நேரம் இருந்தது என்றால், ஒரகடத்தில் உழைக்கும் நமக்கு நேரமில்லை என்று சொல்லுதல் பொருந்துமா?

அண்ணலின் வாழ்விலிருந்து இரு நிகழ்ச்சிகளைக் காண்போம். 1916-ஆம் ஆண்டு மே 9-ஆம் நாள், நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், மானிடவியல் பேராசிரியர் கோல்டன்வைசர் நடத்திய கருத்தரங்கில் இந்தியாவின் சாதிகளைப் பற்றி ஓர் ஆய்வுரை படித்தார். அப்போது அவர்க்கு வயது 25. தம்மை ஒதுக்கிவைத்த சாதியை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டு, அதன் தோற்றத்தையும் இயக்கத்தையும் அறிஞர் நடுவே அவர் ஆராய்ந்தார். துன்பத்தைச் சொல்லி இரங்கச் செய்தல் ஒரு வழி. துன்பத்தின் காரணத்தை ஆராய்ந்து நிறுவுதல் மற்றொரு வழி. கருத்தரங்கு பின்னதைக் கற்றுத் தருகிறது.

இரண்டாவது நிகழ்ச்சி நிகழாமற் போன ஓர் உரை. 1936-இல் லாகூரில் நடக்கவிருந்த மாநாட்டிற்குத் தலைமையுரையாற்ற அண்ணல் அழைக்கப்பட்டிருந்தார். எழுதிய உரையை முன்னரே கண்ட அமைப்பாளர் சில பகுதிகளை நீக்குமாறு வேண்டினர். அவர் இசையவில்லை, மாநாடு கைவிடப்பட்டது. அவ்வுரையை அவரே 1,500 படிகள் அச்சிட்டு வெளியிட்டார். சாதி ஒழிப்பைப் பற்றிய அந்நூல் இன்று உலகெங்கும் படிக்கப்படுகிறது. பிறர் மேடையில் நமக்கு இடம் கிடைக்கலாம். ஆனால் எவ்வளவு பேசலாம் என்பதை மேடைக்கு உரியவரே முடிவு செய்வர். நமக்கென ஒரு மேடை வேண்டும் என்பதற்கு இதைவிடத் தக்க சான்று வேறில்லை.

இனி அறிவியல் பக்கம் திரும்புவோம். இலண்டனில் கொல்லன் ஒருவரின் மகனாகப் பிறந்த மைக்கேல் ஃபாரடே, நூல் கட்டும் கடையில் வேலை பழகியவர். பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. 1812-இல் அக்கடையின் வாடிக்கையாளர் ஒருவர், ஹம்ஃப்ரி டேவி என்னும் பெரும் வேதியியலார் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஆற்றிய உரைகளுக்கு நுழைவுச் சீட்டு அளித்தார். ஃபாரடே உரைகளைக் கேட்டுக் குறிப்பெடுத்தார். படங்கள் வரைந்து சேர்த்தார். ஏறத்தாழ 300 பக்கங்களைத் தம் கையாலேயே அழகாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டில் அந்நிறுவனத்திலேயே ஆய்வுக்கூட உதவியாளர் வேலை கிடைத்தது. 1831-இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தவர் அவரே. தாம் உரை கேட்டு உயர்ந்ததை அவர் மறக்கவில்லை. 1825-இல் அங்கே தொடங்கிய கிறிஸ்துமஸ் உரைகளைப் பத்தொன்பது முறை இளைஞர்க்காக ஆற்றினார். ஒரு மெழுகுவர்த்தி எரிவதைக் கொண்டே வேதியியலை விளக்கினார். ஒரகடத்து ஆலைகளுக்கு வரும் மின்சாரம், அவர் கண்டறிந்த அவ்விதியின்படியே மின்னாக்கிகளில் பிறக்கிறது. அம்மின்சாரத்தில் ஓடும் இயந்திரங்களை இயக்கும் நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அவ்விதியை அறிவர்?

நம் நாட்டிலும் இத்தகைய வரலாறு உண்டு. மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் கல்கத்தாவில் அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். மக்களுக்கு அறிவியல் உரைகள் வழங்குதல் அதன் முதன்மைப் பணிகளுள் ஒன்று. 1907-இல் கணக்குத் துறை அலுவலராகக் கல்கத்தா சென்ற சி. வி. இராமன், அலுவல் நேரம் போக எஞ்சிய நேரத்தில் அக்கழகத்தில் ஆய்வு செய்தார். 1928-இல் அங்கேதான் இராமன் விளைவு கண்டறியப்பட்டது; 1930-இல் நோபெல் பரிசு கிடைத்தது. கழகத்தின் கதவு மாலையிலும் திறந்திருந்ததால் வேலைக்குச் செல்லும் ஒருவர்க்கு ஆய்வு செய்ய வழி கிடைத்தது.

சென்னையிலே அல்லாடி இராமகிருஷ்ணன் மயிலாப்பூரில் தம் இல்லத்தில் இயற்பியல் கருத்தரங்குகளை நடத்தினார். 1960-இல் நீல்ஸ் போர் அங்கு வந்தார். அம்முயற்சியின் பயனாக 1962 ஜனவரி 3-ஆம் நாள் கணித அறிவியல் நிறுவனம் தோன்றியது. இன்றும் தரமணியில் சிறந்து விளங்குகிறது. ஒரு வீட்டுக் கூடத்தில் தொடங்கிய கருத்தரங்கு நாட்டின் நிறுவனமாயிற்று. அவ்வீட்டின் பெரியவர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், அண்ணல் தலைமையேற்ற அரசியலமைப்பு வரைவுக் குழுவின் உறுப்பினர். அத்தகைய வீடும் கூடமும் நூலகமும் நம் தெருவில் எவர்க்கும் இருந்ததில்லை. அக்குறையை நீக்கவே சங்கம் என ஒன்றை நாம் கட்டினோம். அவர்க்கு வீடு செய்ததை நமக்குச் சங்கம் செய்தல் வேண்டும்.

எதைப் பற்றிப் பேசுவது என்று தயங்க வேண்டா. நம் காலடியிலேயே பொருள் கிடக்கிறது. புவியியலார் 'ஸ்ரீபெரும்புதூர் படிவு' என்று பெயரிட்டழைக்கும் பாறைகளில், பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட செடிகளின் இலைத் தடங்கள் கிடைத்துள்ளன. உலகின் புவியியலார் அறிந்த இப்பெயரை நம் பள்ளி மாணவர் அறிந்ததில்லை. 1863 மே 30-இல் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கருவி, இந்திய வரலாற்றுக்கு முந்திய காலத்தைப் பற்றிய ஆய்வையே தொடங்கி வைத்தது. அத்திரம்பாக்கத்துக் கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை என 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. அக்கருவியைச் செதுக்கிய கைக்குச் சாதி ஏது?

நம் மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை எடுத்துக்கொள்வோம். முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலை முறையைப் பாடநூல்கள் பெருமையுடன் கூறுகின்றன. ஆராய்ந்து கேட்க வேண்டிய பகுதி ஒன்றுண்டு. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேத அறிவும் உடையவரே அங்குத் தேர்ந்தெடுக்கப்படத் தக்கவர். நிலத்தில் உழைத்தவன் பெயர் அக்குடத்திற்குள் போடப்படவே இல்லை. பெருமையையும் குறையையும் ஒருங்கே காணும் கண்ணை வரலாற்று உரைகளே தரும்.

நிலத்தின் வரலாறு நமக்கு இன்னும் நெருக்கமானது. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் நம் மக்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை அளித்தார். அன்று இப்பகுதி அம்மாவட்டத்தில் அடங்கியிருந்தது. அவ்வறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் பிறந்த ஆணையின் வழியே பஞ்சமி நிலங்கள் வழங்கப்பட்டன. முதல் பத்தாண்டுகள் எவர்க்கும் விற்கலாகாது. அதன் பின்னும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர்க்கு மட்டுமே மாற்றலாம் என்பது நிபந்தனை. ஆலைகள் பெருகி நிலத்தின் விலை ஏறிய இவ்வட்டாரத்தில், இந்நிபந்தனையை அறிந்தவன் காத்த நிலம் எவ்வளவு, அறியாதவன் இழந்த நிலம் எவ்வளவு! ஆவணங்களைப் படித்துக் காட்டும் சட்ட உரை ஒன்று பல ஆண்டுகளுக்கு முன் நம் தெருவில் நடந்திருந்தால் நம் நிலை வேறாக இருந்திருக்கும் அன்றோ?

இளைஞர்களே, உங்களுள் ஒருவரிடமிருந்து நாம் கேட்டறிந்த செய்தியைக் கூறுகிறோம். உதிரிபாக ஆலையொன்றில் ஒப்பந்தத் தொழிலாளராக உள்ள தம்பி, இரவு ஷிப்டு முடிந்து, தோழர் ஒருவருடன் பேருந்தேறி, நகரத்தில் ஒளியைப் பற்றி நடந்த பொதுவுரை ஒன்றைக் கேட்கச் சென்றார். கடைசி வரிசையில் அமர்ந்தார், பாதி விளங்கியது. வினாக்களுக்கு நேரம் அளித்தபோது அவர் மனத்தில் ஒன்று எழுந்தது. "பிரஸ் இயந்திரத்தின் முன்னே கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை இருக்கிறது, கை உள்ளே போனால் இயந்திரம் நின்றுவிடுகிறது, ஒளி எவ்வாறு இரும்புக்கு ஆணையிடுகிறது?" என்பதே அவ்வினா. தமிழில் கேட்டால் நகைப்பார்களோ என்று அஞ்சிக் கேளாமலே திரும்பினார்.

ஒளி பட்டால் சில பொருள்களில் மின்னணுக்கள் விடுபட்டு மின்சாரம் உண்டாகிறது. ஒளி தடைப்பட்டால் அம்மின்சாரமும் தடைப்படும். அத்தடையே இயந்திரத்தை நிறுத்தும் கட்டளையாகிறது. ஒளி மின்சாரத்தை எழுப்பும் முறைக்கு 1905-இல் ஐன்ஸ்டைன் தந்த விளக்கத்திற்கே 1921-ஆம் ஆண்டின் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. அம்மண்டபத்தில் கேட்கப்பட்ட வினாக்களுள் எதற்கும் குறைந்ததன்று நம் தம்பியின் வினா. மேலும் அது உயிரோடு தொடர்புடையது. உற்பத்தியை விரைவாக்கத் திரையை அணைத்துவிட்டு இயந்திரத்தை ஓட்டினால் போவது தொழிலாளியின் விரல். திரை ஏன் இருக்கிறது என்று அறிந்தவனே அதை அணைக்கலாகாது என்று உறுதியுடன் சொல்வான்.

இன்னொன்றும் எண்ணுக. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை 2014-இல் மூடப்பட்டது. ஆலை நம்மோடு என்றும் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. ஒரே வேலையை ஒரே இடத்தில் செய்யப் பழகியவன் அந்த இடம் மூடியவுடன் திகைப்பான். வேலையின் அடிப்படையை அறிந்தவன் அடுத்த தொழிலுக்குத் தன்னைத் தகுதியாக்கிக்கொள்வான்.

சென்னையில் இன்று வாயில்கள் பல திறந்துள்ளன. 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் 'பொன்மாலைப் பொழுது' உரைகள் நடந்துள்ளன. கணித அறிவியல் நிறுவனம் 2016 முதல் இசை சபா மேடையிலேயே பொதுமக்களுக்கு அறிவியல் உரைகளை ஏற்பாடு செய்துள்ளது. 1980-இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் சிற்றூர்களுக்கும் சென்று பணியாற்றுகிறது. இவற்றுக்கு நாமும் செல்வோம். ஆயினும் போகவர அரை நாள் ஆகும் இடத்திற்கு மாதந்தோறும் செல்லத் தொழிலாளரால் இயலாது. தாய்மார்களால் அறவே இயலாது. எனவே உரை நம் ஊருக்கு வருதல் வேண்டும்.

ஆதலின் சங்கத்தின் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறோம். மாதம் ஒரு ஞாயிறு நம் கூடத்தில் ஓர் உரை நடக்கட்டும். ஒரு மாதம் அறிவியல், மறு மாதம் வரலாறோ சட்டமோ இலக்கியமோ ஆகட்டும். உரை முக்கால் மணி. வினாவும் விடையும் முக்கால் மணி. முதல் வினா மாணவர் ஒருவருடையதாகவும், அடுத்தது பெண்கள் பக்கத்திலிருந்தும் வரட்டும். மாலை ஷிப்டுக்குச் செல்வோர்க்காகச் சில மாதங்களில் காலையிலேயே கூடுவோம். பேச்சாளர்க்கு மாலையும் பொன்னாடையும் வேண்டா; வழிச்செலவும் ஒருவேளை உணவும் போதும். ஒவ்வோர் உரையையும் ஓர் இளைஞர் குறிப்பேட்டில் எழுதிவைக்கட்டும். வராதவர் அதைப் படிப்பர். ஊர்ப் பகுதியிலிருந்து எவர் வரினும் வரவேற்போம். அனைவரும் ஒரே பாயில் அமர்வோம். நம்மை வெளியே நிறுத்தியவர்போல நாம் ஒருவரையும் நிறுத்தமாட்டோம்.

ஸ்ரீபெரும்புதூரில் தோன்றிய இராமானுசர், மறைவாய்க் கற்ற மந்திரத்தைத் திருக்கோட்டியூர்க் கோபுரத்தில் ஏறி எல்லார்க்கும் உரைத்தார் என்று மரபு கூறுகிறது. போற்றத்தக்க செயலே. ஆனால் சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுக்குப் பொதுச் சட்டம் வந்தது 1947-இல்தான். உரைத்தவர் இருந்தும், கேட்க நிற்கும் உரிமைக்கு நம்மவர் பல நூற்றாண்டு காத்திருந்தனர். இன்று கேட்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. எழுந்து வினவும் துணிவைப் பழக்கத்தால்தான் பெறுதல் கூடும். அப்பழக்கத்திற்கு இக்கூடம் இடமாகட்டும்.

முதல் உரைக்குப் பொருள் ஒளியாக இருக்கட்டும் என்பது நம் விருப்பம். அன்று கடைசி வரிசையில் வாய்திறவாது இருந்த அத்தம்பி, முன்வரிசையில் அமர்ந்து தம் வினாவைத் தமிழில் கேட்கட்டும்.