ஊசி போட்ட கை எது, குத்துப்படும் கை எது?

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

ஆஸ்பத்திரிக் குப்பைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கிறார்கள். சம்பந்தம் உண்டு.

ஆலையில் புளோரூம் கழிவு வேறு, நூல் கழிவு வேறு. கலந்தால் மேஸ்திரி சும்மா விடுவாரா? கழிவிலும் காசு இருக்கிறது. ஆகவே முதலாளி பிரிக்கச் சொல்கிறான். ஆஸ்பத்திரியில் பிரிப்பது செலவு. ஆகவே பல இடங்களில் ஊசியும் பஞ்சும் எச்சில் இலையும் ஒரே பையில் விழுகின்றன. பையைத் தூக்குவது நிர்வாகியா? இல்லை, ஒப்பந்தக் கூலியில் வாடும் துப்புரவுத் தொழிலாளி; நம் வீட்டுப் பெண்கள்!

ஹெபடைடிஸ் பி என்னும் காமாலைக் கிருமி கொண்ட ரத்தம் பட்ட ஊசி, தடுப்பூசி போடாதவர்களைக் குத்தினால், 100 பேரில் 30 பேர் வரை நோய் தொற்றலாம்.

இதற்குப் பரிகாரம் உண்டு. ஆஸ்பத்திரிக் கழிவில் 100க்கு 85 பங்கு சாதாரணக் குப்பைதான் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். மீதி 15 பங்கைக் கலந்துவிட்டால் நூறும் விஷம். எனவே நோயாளியின் கட்டிலருகிலேயே பிரிக்க வேண்டும். ஊசி போட்ட கையே அதைப் பெட்டியிலும் போட வேண்டும்.

2016ஆம் ஆண்டு விதிகள் சொல்வது இது: ரத்தம் தோய்ந்த பஞ்சு, துணிக்கு மஞ்சள் பை. குழாய், கையுறை, ஊசி நீக்கிய சிரிஞ்சுக்குச் சிவப்புப் பை. ஊசி, பிளேடுக்குத் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டி. மருந்துக் கண்ணாடிக் குப்பிக்கு நீலப் பெட்டி. கழிவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் பயிற்சி, கையுறை, காமாலைக்கும் டெட்டனசுக்கும் தடுப்பூசி, ஆண்டுதோறும் உடல் பரிசோதனை. இவை தர்மமல்ல, சட்டப்படி நிர்வாகத்தின் கடமை.

விவசாயத் தொழிலாளத் தோழர்களே! 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்து நடுக்கல்லூர், கோடகநல்லூர்ப் பகுதிகளில் கேரளத்து ஆஸ்பத்திரிக் கழிவைக் கொட்டினார்கள். பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகே லாரிகளில் திரும்ப அள்ளிப் போனார்கள். அப்போது அங்கே நடந்தது நம்மவர் ஆட்சி. அதற்காக வாய் மூடி இருப்பதா? கூடாது! வெறுங்காலுடன் வயலில் இறங்குகிறவன் காலில் குத்தும் ஊசி, ஆட்சி எதுவென்று பார்க்காது.

ஆஸ்பத்திரித் துப்புரவுத் தொழிலாளர் கேட்பது நான்கு நிறப் பைகளும் பெட்டிகளும், ஒரு தடுப்பூசியும், ஒரு ஜோடி கையுறையும். ஆலைச் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் அவர்களுடன் தோளோடு தோள் நின்றால், இதை மறுக்க எந்த நிர்வாகத்துக்கும் துணிவு வராது.

நிற்போமா, தோழர்களே?