போப்: ஒரு குடும்பப் பெயரும் நான்கு வாழ்க்கைகளும்



ஜி.யு. போப் என்றதும் திருக்குறளின் ஆங்கில மொழிபெயர்ப்பு நம் நினைவுக்கு வருகிறது. அப்பெயரிலுள்ள 'போப்' என்பது அவருடைய குடும்பப் பெயர். அதன் வரலாற்றையும் அதனைத் தாங்கியோர் சிலரையும் இன்று காண்போம்.

ஆங்கிலக் குடும்பப் பெயர்களுள் பெரும்பாலானவை ஊர், தொழில், தந்தை பெயர், பட்டப்பெயர் ஆகியவற்றின் வழிப் பிறந்தவை. போப் பட்டப்பெயர் வகையினது. உரோமைத் திருச்சபைத் தலைவரைக் குறிக்கும் சொல்லே இது. நாடகத்தில் அவ்வேடம் புனைந்தவரையோ, துறவியைப்போல் இறுக்கமாக வாழ்ந்தவரையோ ஊரார் இவ்வாறு அழைத்திருப்பர் என்பர் பெயராய்வாளர். இத்தகைய பட்டப்பெயர் பல ஊர்களில் தனித்தனியே தோன்றக்கூடும். எனவே, பெயர் ஒன்றாயிருப்பது உறவுக்குச் சான்றாகாது.

போப்பாண்டவரின் தலைமையை இங்கிலாந்து மறுத்த காலத்தில், மூடப்பட்ட மடங்களின் சொத்துகளைக் கையாண்ட அரசுத் துறையில் உயர் அலுவலராக இருந்தவர் தாமஸ் போப். அவரே 1555ஆம் ஆண்டில் ஆக்சுபோர்டில் திரித்துவக் கல்லூரியை நிறுவினார். கவிஞர் அலெக்சாந்தர் போப் (1688–1744) கத்தோலிக்கர். அதனாலேயே பல்கலைக்கழகக் கல்வி அவருக்கு மறுக்கப்பட்டது. தாமே கற்றுத் தேர்ந்த அவர், ஓமரின் இலியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தார்.

ஜி.யு. போப் 1820இல் கனடாவின் பிரின்சு எட்வர்டு தீவில் பிறந்தார். 1839இல் தமிழகம் வந்தார். பின்னர், திரித்துவக் கல்லூரியின் அண்டையிலுள்ள பேலியல் கல்லூரியில் தமிழ் கற்பித்தார். திருக்குறள் 1886இலும், நாலடியார் 1893இலும், திருவாசகம் 1900இலும் அவரது மொழிபெயர்ப்பில் வெளிவந்தன. மெதடிசுட்டு இறையியலாளர் வில்லியம் பர்ட் போப் அவருடைய உடன்பிறந்த தம்பி. இவ்வுறவுக்குச் சான்று பெயரன்று, குடும்ப வரலாறு.

தமிழர் அவரைப் 'போப்பையர்' என்றனர். சமயத் தொண்டரை 'ஐயர்' என மதித்து அழைத்தல் அக்கால வழக்கு. இங்கு ஒலியியலையும் நோக்குக. தமிழில் உயிர்களுக்கிடையே தனித்து நிற்கும் பகரம் மெலிந்தொலிக்கும். இரட்டித்தால் வல்லோசை நிலைக்கும். 'போபையர்' என்னாது 'போப்பையர்' என்றதால் ஆங்கிலப் பெயரின் வல்லோசை தமிழில் காக்கப்பட்டது. ஊர் கேலியாகவோ குறிப்பாகவோ இட்ட பெயர், வேறொரு மொழியில் மதிப்புப் பெயராயிற்று.

மாணவர்களே, நம்மிடையே பெயரோடு தந்தை பெயரை எழுதுவதே பெருவழக்கு. அடுத்த தலைமுறையில் அப்பெயர் மறைந்துவிடுகிறது. குடும்பப் பெயர் தொடர்ந்து வரும் ஆங்கிலேயர்க்கே உறவை நிறுவ ஆவணம் தேவையெனின், நமக்கு அது எத்துணை இன்றியமையாதது! பாட்டன், பாட்டியர் பெயரையும் ஊரையும் அவர்தம் வாய்மொழியாகவே கேட்டு, ஆண்டோடு குறித்து வையுங்கள். ஆசிரியர்கள் இதனை வகுப்புப் பயிற்சியாகவே தரலாம். கேட்டறிதற்குரியோர் இருக்கும்போதே இப்பணி நிறைவேற வேண்டும்.