பேறுகாலக் கணக்கு

திருவனந்தபுரம் வலியசாலை அக்ரகாரத்தில் மருமகளுக்கு நாள் தள்ளிப்போனால், மாமியாரின் விரல்கள் உடனே மாதத்தை எண்ணத் தொடங்கிவிடும். பக்கத்திலிருக்கும் தைக்காடு பெண்கள், குழந்தைகள் மருத்துவமனையில் டாக்டர் கேட்பது இதுதான்: “கடைசியா விலக்கான முதல் நாள் எதும்மா?”

கரு உண்டான நாள் பெரும்பாலும் யாருக்கும் திட்டமாகத் தெரியாது. விலக்கான நாள் தெரியும். 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர் நேகலேயின் பெயரால் வழங்கும் கணக்கு எளிது. அந்தத் தேதியோடு 7 நாள் கூட்டி, 3 மாதம் பின்னால் போய், ஒரு வருடம் கூட்ட வேண்டும். ஜூன் 10 என்றால் அடுத்த மார்ச் 17. மொத்தம் 280 நாள். கரு உண்டாவது ஏறத்தாழ 2 வாரம் கழித்து.

இது 28 நாளுக்கு ஒருமுறை விலக்காகிறவர்களுக்கான கணக்கு. 35 நாள் என்றால் ஒரு வாரம் தள்ளும். அதனால்தான் முதல் மூன்று மாதத்துக்குள் ஸ்கேன் எடுத்து, சிசுவை உச்சி முதல் பிட்டம் வரை அளக்கிறார்கள். தேதியைக் கணிக்க அதுவே நம்பகமான வழி.

பிந்தைய மாதங்களில் ஸ்கேன் அளவுகளைக் கொண்டு சிசுவின் வயதைக் கணிக்கும் சூத்திரங்கள் பெரும்பாலும் மேற்கத்தியப் பெண்களை வைத்து உருவானவை. இந்தியத் தாய்மாரின் ஸ்கேன் அளவுகளைக் கொண்டே ‘கர்பிணி-ஜிஏ2’ என்ற கணிப்பு முறையைச் சென்னை ஐஐடியும் ஃபரிதாபாத் டிஎச்எஸ்டிஐ மருத்துவ ஆய்வு நிறுவனமும் 2024இல் வெளியிட்டன.

குறித்த நாளிலேயே பிறப்பவை நூற்றுக்கு நாலைந்து குழந்தைகள்தான். தேதி கடந்தால் பதற வேண்டாம். வீட்டிலேயே காத்திராமல் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.