கர்ப்பிணிகளின் போஷணையும் சிசுக்களின் வளர்ச்சியும்

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான சொற்பொழிவு)



நாற்று வலுவாயிருந்தாலன்றி நடவு செழிக்காதென்பதைக் குடியானவர்களுக்கு எவரும் போதிக்க வேண்டுவதில்லை. ஆயினும், நாற்றங்காலுக்கு எருவிட மறவாத வீட்டிலுங்கூடக் கர்ப்பிணியின் ஆகாரம் கடைசிப் பந்திக்குத் தள்ளப்படுகிறது. அதனால் விளையும் நஷ்டம் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

லூசி வில்ஸ் என்னும் ஆங்கில வைத்திய மாது 1928-ஆம் ஆண்டில் பம்பாய்க்கு வந்து, பஞ்சாலைத் தொழிலாளிகளான கர்ப்பிணிகளைப் பீடித்த கடுஞ் சோகையை ஆராய்ந்தார். குன்னூரிலும் அவ்வாராய்ச்சி நடந்தது. ஆகாரக் குறைவே காரணமென்றும், ஈஸ்ட் சத்தைக் கொடுத்தால் நோயாளிகள் தேறுகின்றனரென்றும் 1931-இல் அவர் வெளியிட்டார். அச்சத்துப் பொருளே 1941-இல் கீரையிலிருந்து பிரிக்கப்பட்டு, ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது.

சிசுவின் மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் மூலமான நரம்புக் குழல், கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. அப்பொழுது தான் கர்ப்பமென்பதையே பெண்கள் பலர் அறியார். ஆகையால் கருத்தரிக்க எண்ணும் காலந்தொட்டே ஃபோலிக் அமிலம் உட்கொள்ளல் அவசியம்.

இந்தியாவில் 2019-21-இல் எடுத்த கணக்கின்படி, கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேர் சோகையுற்றிருந்தனர். தாய்க்கு இரத்தம் குறையின், சிசு எடை குறைந்தும் நாள் நிரம்பாமலும் பிறக்க ஏதுவுண்டு. நான்காம் மாதம் முதல் தினம் ஒன்றாக 180 நாட்களுக்கு அளிக்கப்படும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. மலம் கறுப்பது கண்டு அஞ்சி அதை நிறுத்தலாகாது. அது இரும்பின் நிறமேயன்றி நோயன்று. காப்பி, தேயிலை, சுண்ணாம்புச் சத்து மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்து உண்ணலாகாது. நெல்லிக்காயும் எலுமிச்சையும் இரும்பு உடலிற் சேர உதவும்.

மாத்திரை ஆகாரத்திற்குப் பிரதியன்று. மிகுதியாக உண்டால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகுமென்று அஞ்சி, கர்ப்பிணியின் உணவைக் குறைப்பாருமுண்டு. உண்மையில், இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்து பிறக்கும் சிசுவே அதிக அபாயத்திற்குள்ளாகிறது. கர்ப்பிணிக்குப் பருப்பு, கீரை, பால், முட்டை முதலியன வேண்டும். பிறந்த சிசுவுக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பாலே போதும். பின்னர் அதனுடன் கேழ்வரகுக் கூழும், குழைந்த பருப்புச் சாதமும் சேர்க்கவேண்டும். கருவுற்றது முதல் இரண்டு வயது முடியும் வரையுள்ள ஆயிரம் நாட்களில் தவறிய வளர்ச்சியைப் பின்னர் முழுதும் ஈடுசெய்தல் அரிது.

இவ்விஷயத்தில் சங்கங்கள் செய்யத்தக்கது யாது? கறந்த பால் முழுவதையும் சங்கத்திற்கு அளந்துவிட்டு, வீட்டுக் கர்ப்பிணிக்கு ஒரு குவளையும் மிச்சம் வையாத வழக்கத்தை அங்கத்தினர் விடுதல் வேண்டும். கர்ப்பிணிகளின் பெயர் மூன்றாம் மாதத்திற்குள் சுகாதார நிலையத்தில் பதியப்பட்டதாவென்று பஞ்சாயத்தார் விசாரித்தல் நலம். வீட்டிற்கென நிறுத்திவைக்கும் பால், பத்து மாதத்தில் வட்டியுடன் திரும்பும் முதலாகும்.