பழைய போட்டோஷாப்பும் பாதியில் நிற்கும் அப்டேட்டும்

நம்மூர் ஸ்டுடியோக்களிலும் பிளெக்ஸ் கடைகளிலும் எட்டிப் பார்த்தால், 2002-இல் வந்த போட்டோஷாப் 7, 2012-இல் வந்த சிஎஸ்6 இரண்டும் இன்னும் உழைத்துக்கொண்டிருப்பதைக் காணலாம். கஞ்சத்தனம் என்று சிலர் சிரிப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கல்யாண ஆல்பத்துக்கென்று சேர்த்துவைத்த ஆக்‌ஷன்கள், பிளக்-இன்கள், யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் அந்தப் பதிப்போடு பழகிப்போனவை. போதாக்குறைக்கு, 2013 மே மாதம் அடோபி நிறுவனம் சிஎஸ் வரிசைக்கே முற்றுப்புள்ளி வைத்து, இனிமேல் சந்தா கட்டினால்தான் என்று அறிவித்துவிட்டது. மொத்தமாகப் பணம் கொடுத்து வாங்கியவர்கள் சிஎஸ்6-ஐ விடாமல் பிடித்துக்கொண்டதில் வியப்பு என்ன?

தொல்லை அப்டேட்டில்தான் வருகிறது. ஹெல்ப் மெனுவுக்குப் போய் அப்டேட்டை அழுத்துகிறோம். கொஞ்ச தூரம் ஓடுகிறது, நிற்கிறது, புரியாத ஒரு குறியீட்டைக் காட்டுகிறது. உடனே நம்மவர்கள் செய்யும் காரியம், மென்பொருளையே அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வது. தயவுசெய்து அவசரப்படாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. உங்களுக்கு எதற்காக அப்டேட் வேண்டும்? பெரும்பாலும் பதில் இதுதான்: புது கேமரா வாங்கியாகிவிட்டது, அதன் ரா கோப்பு, அதாவது கேமரா பதியும் மூலப் படம், திறக்கவில்லை. ரா கோப்புகளைத் திறக்கும் கேமரா ரா பிளக்-இன்னில் சிஎஸ்6-க்கு வந்த கடைசிப் பதிப்பு 9.1.1, வந்தது 2015-இல். கேனானின் சிஆர்3 என்ற ரா கோப்பு வகையோ 2018-இல் அறிமுகமானது. ஆக, அப்டேட் வெற்றியாக முடிந்தாலும் அந்தப் படம் திறக்காது! அதற்கு வேறு வழி உண்டு. அடோபி இலவசமாகத் தரும் டிஎன்ஜி கன்வெர்ட்டரை, விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தைய விண்டோஸ் உள்ள இன்னொரு கணினியில் போடுங்கள். அதன் பிரிஃபரன்ஸில் பழைய கேமரா ரா பதிப்புக்கு ஏற்ற பொருத்தத்தைத் தேர்ந்தெடுத்து, படங்களை டிஎன்ஜி என்ற ரா வகைக்கு மாற்றிக்கொண்டு வாருங்கள். சிஎஸ்6 மறுபேச்சில்லாமல் திறக்கும். பாதிப் பேருக்கு விஷயம் இங்கேயே முடிந்துவிடும் என்பது என் கணிப்பு.

மீதிப் பேர் கணினியின் தேதியைப் பாருங்கள். சிரிக்காதீர்கள். பழைய மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற வட்ட பேட்டரி தீர்ந்துபோனால், கரண்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் கடிகாரம் பல வருடம் பின்னால் ஓடிவிடும். பாதுகாப்பான இணைய இணைப்பு என்பது எதிர்முனை சர்வர் காட்டும் சான்றிதழை நம்பி நடப்பது. அந்தச் சான்றிதழுக்குத் தொடங்கும் நாளும் முடியும் நாளும் உண்டு. உங்கள் கணினி 2009-இல் உட்கார்ந்திருந்தால், இந்த வருடச் சான்றிதழ் அதன் கண்ணுக்கு இன்னும் பிறக்கவேயில்லை. இணைப்பு அறுந்துவிடும். பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தால் போதும்.

தேதி சரியாக இருந்தும் இணைப்பு கிடைக்கவில்லையா? விண்டோஸ் 7-ஆக இருக்கலாம். இன்றைய சர்வர்கள் கேட்கும் டிஎல்எஸ் 1.2 என்ற பாதுகாப்பு முறை அதில் உண்டு; ஆனால் பல நிரல்களுக்கு அது தானாக இயங்காது. அதற்கென மைக்ரோசாப்ட் தனியாக ஒரு திருத்தம் வெளியிட்டது. அதைப் போட்ட பிறகு முயலுங்கள். விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருப்பவர்கள் இந்தப் போராட்டத்தை விட்டுவிடலாம்.

இனிச் சொல்வது சிலருக்குக் கசக்கும். உங்கள் கணினியில் எப்போதாவது யாராவது ‘கிராக்’ போட்ட பதிப்பை ஏற்றியிருந்தால், ஹோஸ்ட்ஸ் என்ற சின்னக் கோப்பில் அடோபியின் முகவரிகளை அடைத்துவைத்திருப்பார்கள். பிறகு நீங்கள் காசு கொடுத்து அசல் டிஸ்க் வாங்கிப் போட்டாலும் அந்த அடைப்பு அப்படியே இருக்கும். நோட்பேடில் அந்தக் கோப்பைத் திறந்து, அடோபி பெயர் வரும் வரிகளை நீக்க வேண்டும். அது இருக்கும் இடத்தை வானொலியில் வாசித்தால் ஒருவருக்கும் நினைவில் நிற்காது. பக்கத்துக் கணினிக் கடைக்காரரைக் கேளுங்கள், அவருக்குத் தெரியாமல் இருக்காது.

கிராக்கில் இன்னொரு கேடும் உண்டு. அப்டேட் என்பது முழு மென்பொருள் அல்ல. கிழிந்த இடத்துக்கு அளவெடுத்து வெட்டிய ஒட்டுத்துணி. கீழே இருக்கும் கோப்பு அசலாக இருந்தால்தான் பொருந்தும். யாரோ அதை மாற்றியிருந்தாலும், ஆன்டிவைரஸ் ஒரு துண்டை அள்ளிக்கொண்டு போயிருந்தாலும் அளவு தப்பிவிடும். சிஎஸ்6 காலத்தில் பலரைப் படுத்திய யு44 என்று தொடங்கும் பிழைக் குறியீடுகளில் பல, அப்டேட் பொருந்தவில்லை என்று சொல்பவைதான். இந்த நிலையில்தான் அழித்துவிட்டு மறுபடி போடுவது சரியான மருந்து.

ஆனால் அதற்கு முன் ஆக்டிவேஷனைப் பற்றி, அதாவது உரிமத்தை அடோபியின் சர்வரில் உறுதிசெய்வதைப் பற்றி, யோசியுங்கள். சிஎஸ்2-வின் ஆக்டிவேஷன் சர்வரை அடோபி மூடியபோது, மறுபடி இன்ஸ்டால் செய்தவர்களால் ஆக்டிவேட் செய்ய முடியவில்லை. 2013 ஜனவரியில், ஆக்டிவேஷன் தேவைப்படாத தனிப் பதிப்பை நிறுவனமே கொடுக்க வேண்டிவந்தது. எல்லாப் பதிப்புக்கும் அந்தச் சலுகை கிடைக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். சிஎஸ்6 உரிமம் இரண்டு கணினிகளுக்குத்தான். டீஆக்டிவேட் செய்யாமல் அழித்தால் அதில் ஓர் இடம் வீணாகப் போகும். ஓடிக்கொண்டிருக்கும் போட்டோஷாப், அப்டேட் இல்லாவிட்டாலும் ஓடும். அழித்தது திரும்பி வராமலும் போகலாம்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2019-இல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினா 32-பிட் நிரல்களை ஏற்பதில்லை. சிஎஸ்6-இன் இன்ஸ்டாலர் 32-பிட். எனவே அதற்கு முந்தைய மொஹாவேயைத் தாண்டாமல் இருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பழைய டிஸ்க் கைவசம் இருந்தால், அது கீறல் விழுந்து படிக்காமல் போவதற்குள் பென்டிரைவிலும் ஹார்ட் டிஸ்க்கிலும் ஒவ்வொரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். உறையில் இருக்கும் சீரியல் எண்ணை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஆக்‌ஷன்களையும் பிரஷ்களையும் தனியே சேமியுங்கள். அப்டேட்டில் கைவைப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.